ஊஞ்சல் அட்டை

வீட்டில் அவனைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வயதாகியும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின்மேல் வைப்பார் துரை. வாய்விட்டுக் கேட்பதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு, துரைக்கு என்ன வந்தது! இப்படிச் சொல்லிச் சிரித்தே பெயர் ஒட்டிக்கொண்டது. சிரிக்காவிட்டால் அழவேண்டியிருக்கும், அதனால் அவன் அம்மா சிரித்தாள்.

அவளைக் குடியிருப்பு முழுக்கத் தையலக்கா என்று கூப்பிடும். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடும் பால்கனி. சன்னலை ஒட்டித் தையல் மிஷின். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, பள்ளிச் சீருடை தைப்பது, இதுதான் பிழைப்பு. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வந்தால் விருந்தாளி, போனால் போனில் ஒரு குரல். ஒருநாள் துரை கதவைத் திறந்துகொண்டு நடுச்சாலையில் போய் நின்றான். அன்றைக்கே கதவின் மேல்பக்கம், அவன் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் வந்தது. அது அவனை உள்ளே வைத்ததோ என்னவோ, அவளை நன்றாகவே உள்ளே வைத்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான மையம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து வந்த பேச்சு டீச்சர்தான் அட்டைகளைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அளவு படங்கள்: தண்ணீர், பிஸ்கட், கழிப்பறை, போர்வை, ஊஞ்சல். தையலக்கா ஒரு பலகைக்குத் துணி போர்த்தி, பிய்த்தால் சர்ரென்று பிரியும் வெல்க்ரோ நாடாவை வரிசையாகத் தைத்து, அவன் உயரத்துக்குச் சுவரில் மாட்டினாள்.

"அவனுக்கு எது வேணுமோ அந்த அட்டையைப் பிச்சு உங்க கையில கொடுக்கணும்க்கா. கொடுத்துட்டான்னா மறுபேச்சு கிடையாது. ஏன்னு கேட்கக் கூடாது, அப்புறம்னு சொல்லக் கூடாது. உடனே நடக்கணும். கேட்டா கிடைக்கும்னு முதல்ல அவன் மனசுல பதியட்டும்" என்றாள் டீச்சர்.

சும்மா சொல்லக்கூடாது, பையன் கெட்டிக்காரன். ஒரு மாதத்துக்குள் ஒருநாள் காலை சர்ரென்று சத்தம். திரும்பினால் கையில் அட்டையோடு நிற்கிறான். ஊஞ்சல்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை கேட்டுவிட்டான், என்னிடம் கேட்டுவிட்டான் என்று படிக்கட்டெல்லாம் சொல்லிக்கொண்டே தெருக்கோடிப் பூங்காவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்கள்.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும் சர்ர். ஊஞ்சல். உலை கொதிக்கும்போது ஊஞ்சல். அடை மழையில் ஊஞ்சல். ஆள் வந்து இடுப்பளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போது ஊஞ்சல். உடனே நடக்கணும் என்று டீச்சர் சொல்லிவிட்டாளே! டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடினாள். தைக்கவேண்டிய சீருடைகள் மலைபோல் ஏறின. மாடிவீட்டம்மா ஒருநாள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டே போய்விட்டாள். முன்பு பேசாத பிள்ளையோடு அடைந்து கிடந்தாள். இப்போது கேட்கத் தெரிந்த பிள்ளையோடு அடைந்து கிடந்தாள். எது மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"டேய், என் உயிரை வாங்காதேடா!" என்று ஒரு மதியம் கத்தினாள். அவன் அட்டையை நீட்டியபடியே நின்றான். அதை வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்ததும், மிஷினின் அடி இழுப்பறையில் துண்டுத் துணிகளுக்குக் கீழே செருகி மூடினாள். பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு சீருடை முடித்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது, பாவி மனசு.

துரை கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். பலகையில் வெறுமையாகக் கிடந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான், போய்விட்டான். சில நாளில் பிஸ்கட் அட்டையைக் காணோம். பிறகு போர்வை. பிறகு தண்ணீர். கடைசியில் கழிப்பறையும் போய், பலகை மொட்டையாக நின்றது. அவனுக்குப் பால்கனியிலிருந்து பொருளை வீசுகிற பழக்கம் உண்டு. வீட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் கீழே ஓடிப் புதரெல்லாம் துழாவினாள். மேலே வந்தால் அவன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு நிற்கிறான்.

"எல்லாத்தையும் வீசிட்டு இப்படி வந்து நிக்கிறியே, உனக்கு நல்லதே தெரியாதா?" முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அழக்கூட இல்லை.

அவள் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மையத்தில் அரைநாள் வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பிள்ளை தானாக ஓர் அட்டையையாவது எடுத்துக் கொடுக்கிறான் என்று டீச்சர் நேரில் பார்த்துச் சொன்னால் போதும், தினமும் அரைநாள் அவன் அங்கே இருப்பான். அரைநாள்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைக்கலாம். கடைக்குப் போய் ஒரு நூல்கண்டை நின்று நிதானமாகப் பார்த்து வாங்கலாம். அந்த அரைநாளை நினைத்துத்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை டீச்சர் வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒண்ணையும் காணோம்?"

"அதை ஏன் கேட்கிறீங்க டீச்சர், எல்லாத்தையும் பால்கனியிலேர்ந்து வீசிட்டான்."

"ஊஞ்சலையுமா? அதுக்குத்தானே உயிரை விட்டான்!"

"அதுவும்தான்." அவள் இழுப்பறைப் பக்கம் திரும்பவே இல்லை. துரை மூலையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் சளைக்கவில்லை. "போனா போகட்டும், புதுசு வச்சிருக்கேன். பின்னால ஒட்ட வெல்க்ரோ மட்டும் கொடுங்க."

மிச்ச வெல்க்ரோ அடி இழுப்பறையில்தான் கிடந்தது. தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் விட்டு எடுத்துவிடலாம் என்று குனிந்தாள். துண்டுத் துணிகளுக்குக் கீழே விரலில் ஒரு கட்டு தட்டுப்பட்டது. ஒற்றை அட்டையாக இல்லை. தடிமனாக இருந்தது.

வெளியே எடுத்தாள். அடியில் ஊஞ்சல். அதன்மேல் பிஸ்கட், போர்வை, தண்ணீர், கழிப்பறை. ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் எதையும் வீசவில்லை. அம்மா ஒன்றை எங்கே வைத்தாளோ அங்கேயே மற்றதையும் கொண்டுபோய் வைத்திருக்கிறான். கேட்பதையெல்லாம் அங்கேதான் வைக்கவேண்டும் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டான். அதற்குத்தான் முதுகில் அடி வாங்கினான்.

"முதல்ல நான்தான் ஒளிச்சு வச்சேன் டீச்சர், ஊஞ்சலை மட்டும். என்னால முடியலை" என்றாள் தையலக்கா.

டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "தப்பு எம்மேலயும்தான்க்கா. உடனே, உடனேன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன். காத்திருக்கவும் அவனுக்குச் சொல்லித் தரணும், அதுக்கும் ஓர் அட்டை இருக்கு. அதுவரைக்கும் நீங்க என்ன பாடு படுவீங்கன்னு நான் யோசிக்கவே இல்ல."

அட்டைகளைத் திரும்பப் பலகையில் ஒட்டினார்கள். பிஸ்கட்டைக் காட்டினார்கள், தண்ணீரைக் காட்டினார்கள். துரை அசையவே இல்லை. கிளம்பும்போது டீச்சர் வாசலில் தயங்கினாள்.

"அந்த இடத்தை அடுத்த வாரம் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லக்கா."

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து தையலக்கா மிஷின்முன் உட்கார்ந்தாள். ஊசிக்குக் கீழே பாதி தைத்த சீருடை. மாடிவீட்டம்மா மனசு மாறி மறுபடி கொடுத்தது, சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். வெளியே தூறல் போட்டது. மிதித்தால் கால் ஓடவில்லை. மன்னிப்பு கேட்கலாமென்றால் அவனிடம் எந்த மொழியில் கேட்பது?

எழுந்து போய்ப் பலகையிலிருந்து ஊஞ்சலைப் பிய்த்தாள். சர்ர். துரை நிமிர்ந்து பார்த்தான். அவன் எதிரில் மண்டியிட்டு, அவன் எப்படி நீட்டுவானோ அப்படியே அட்டையை நீட்டினாள்.

அவன் அட்டையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். எழுந்து மிஷின் பக்கமாக நடந்தான். ஐயோ, மறுபடியும் இழுப்பறைக்குத்தான் போகிறான்.

அவன் மிஷினைத் தாண்டிப் போனான். வாசல் மூலையில் கிடந்த அவள் செருப்பை இரண்டு கையாலும் தூக்கிவந்து அவள் முழங்காலுக்கு முன்னால் வைத்தான். ஏன் என்று கேட்கவில்லை, அப்புறம் என்று சொல்லவில்லை. திரும்பப் பலகைக்குப் போய், ஊஞ்சலை அதன் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

பிறகு கதவடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். தாழ்ப்பாள் அவளுக்குத்தான் எட்டும்.