இடப்பக்கத்து மூங்கில்

என் கணவர் நாகரத்தினத்துக்கு இடது கண் பாதிக்குமேல் போய்விட்டது. அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் தாகேதாப் பேட்டையில் ஆள் கிடையாது, என்னைத் தவிர.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூட பெர்ரி ஓட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். எங்கள் ரங்கூனில் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போகும் வேனுக்கும் பெர்ரி என்றுதான் பேர். பதினோரு பிள்ளைகள். அதில் கடைக்குட்டி ஷப்னம், பெர்ரிக்கு ஏற்பாடு செய்கிற கோ அஜ்மலின் மகள், ஒன்றாம் வகுப்பு. கோ என்பது இங்கே ஆண்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. சோறு தின்றுகொண்டே இதைச் சாவகாசமாகச் சொன்னார். எனக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

இந்த ஊர்க் கார்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு லாரி போனால், எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "யா தே" என்று சொல்ல வேண்டும். பர்மியப் பேச்சு, சரி, போகலாம் என்று பொருள். சொல்லாவிட்டால் போகக்கூடாது.

எங்கள் காரில் அந்த இடப்பக்கத்து ஆள் நான். ஊர் நடுவே இருக்கும் பபேடான் கடைகளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இடியாப்ப மாவு போடுகிறோம். பத்தொன்பது வருஷமாக இதே பாட்டுத்தான். போன சித்திரையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அவர் தனியாகப் போனார். போன இடத்தில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒருவரை இடப்பக்கமாக இடித்துவிட்டார். அந்த மனுஷனின் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிப்போனது. "அவன்தான் திடீர்னு உள்ள வந்துட்டான்" என்றார் இவர். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது, அந்த டாக்டருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

அதனால்தான் அன்றைக்குத் தட்டுக்கு முன்னாலேயே பந்தயம் கட்டினேன்.

"ஞாயித்துக்கெழம புல்லுப் போட்டிக்குப் போறீங்கல்ல? அங்க இடப்பக்கத்துக் கம்பு ஒண்ணுல கார் பட்டுச்சுன்னாலும் சாவி எங்கிட்ட வந்துடணும். பெர்ரியும் கெடையாது."

"படலேன்னா?"

"இனிமே கண்ணப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா?" என்று சிரித்தார். "சரி. ஆனா அங்க கார்லயும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பறம் நான் சொல்லித்தான் நீங்க ஓட்டினீங்கம்பே."

புல்லுப் போட்டி என்பது த்வாண்டே ஊருக்குப் போகும் வழியில், மழைக்காலம் முடிந்ததும் ஒரு மேய்ச்சல் நிலத்தில் நடப்பது. பழைய கார் வைத்திருக்கும் இருபது முப்பது பேர் கூடுவார்கள். சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து, திரும்பி, ஒரு இடத்தில் பின்னால் போய், கடைசியில் இரண்டு கம்புகளுக்கு நடுவே நுழைந்து கோட்டைத் தாண்ட வேண்டும். கம்பில் பட்டால் ஐந்து விநாடி கூடும். பாதையை மாற்றிப் போனால் அந்தச் சுற்றே போச்சு. இடப்பக்கம் ஒருவர் உட்காரலாம். என் கணவர் மூன்று வருஷம் அதில் முதலாவதாக வந்தவர்.

முதல் சுற்று ஐம்பத்திரண்டு விநாடி. ஒரு கம்பும் படவில்லை. இறங்கியதும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமைக் காலை அந்தப் பதினோரு பிள்ளைகளும் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த கோ அஜ்மல் சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே! ஒவ்வொரு கம்புக்கும் ஒரு யா தே!"

"நான் எங்க சொன்னேன்?" என்றேன்.

"அவ எங்க சொன்னா?" என்றார் இவரும்.

இருவருமே பொய் சொல்லவில்லை. சொன்னது எனக்குத் தெரியவில்லை, கேட்டது அவருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் எங்களை அறியாமலேயே காரை ஓட்டியிருக்கிறது. கோ அஜ்மல் போனதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்ப ரெண்டாவது சுத்துதான் கணக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். ஆனால் குரல் பழைய குரலாக இல்லை.

காரில் ஏறியதும் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கொடி இறங்கியது.

முதல் கம்பு அவர் பக்கம், சுலபமாகத் தாண்டினார். இரண்டாவது என் பக்கம். அதற்கு முன்னால் கோழி மாதிரி தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். திருப்பிய நேரத்தில் கார் புல்லில் வழுக்கியது. பல்லைக் கடித்து நேராக்கினார். கம்பின் துணி என் பக்கத்துக் கதவில் உரசிக்கொண்டு போனது. துணி பட்டால் கணக்கில்லை, மூங்கில் பட வேண்டும். மூன்றாவதுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

படட்டும், படட்டும் என்றுதான் நான் வேண்டியிருக்க வேண்டும். பட்டால் சாவி என்னிடம், பிள்ளைகள் பத்திரம். ஆனால் ஒவ்வொரு கம்புக்கும் படாதே, படாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவர் தோற்க வேண்டும், ஆனால் அதை நான் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. இப்படி ஒரு கேடுகெட்ட பந்தயத்தை நானே கட்டினேனே என்று என்மேல்தான் ஆத்திரமாக வந்தது.

பின்னால் போகும் கட்டத்தையும் முடித்துவிட்டார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. மீதி இருந்தது கடைசி வாசல். இரண்டு கம்பு, நடுவே காரின் அகலமும் ஒரு முழமும். கியரை மாற்றி நேராக விட்டார்.

நேராக இல்லை. எனக்குத் தெரிந்தது. என் பக்கத்து விளக்குக்கு நேரே கம்பு நின்றது. ஒரு சொல் சொன்னால் போதும், வலப்பக்கம் ஒடித்துவிடுவார். கைக்குட்டையைக் கடித்த பல் வலித்தது. ஷப்னத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

சத்தம் கேட்கவில்லை. கார் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கோ அஜ்மல் தூரத்திலிருந்து கத்தினார். "ஏன்ணே நிக்கிறீங்க? போங்க, போங்க! நேரம் ஓடுது!"

இவர் அசையவில்லை. "தைலா" என்றார். என் பெயர் தைலம்மாள். "நீ ஒண்ணும் சொல்லலியே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நீ சொல்லாம நான் எப்படிப் போறது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் அப்படியே சுருங்கிப்போனது. கைபிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து கம்புக்கு எதிரே நின்றார். பம்பருக்கும் மூங்கிலுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் போனது, ஐந்தாவது போகவில்லை. பிறகு கம்பின் தலையில் உள்ளங்கையை வைத்தார். கம்பு அவர் இடுப்பு உயரம்தான். பிள்ளையின் தலையில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கோ அஜ்மல் ஓடி வந்தார். "படவே இல்லண்ணே! போனீங்கன்னா இப்பவும் மூணாவது எடம் வரலாம்."

"அஜ்மல், ஷப்னம் எம்மாம் உசரம் இருப்பா?"

"என்னண்ணே இது? இந்தக் கம்பு உசரம்தான்."

"திங்கக்கெழம பெர்ரிக்கு வேற ஆளப் பாத்துக்க. எனக்கு இந்தப் பக்கம் தெரியல."

கம்பு படவில்லை. பந்தயப்படி தோற்றது நான்தான். கண்ணைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது. திறக்கவும் இல்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன், கண்ணீர் நிற்காமல் வழிந்தது.

என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நவுரு."

"எங்க?"

"அந்தப் பக்கம். லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷமா பொட்டியில பூட்டி வச்சிருக்கல்ல?"

"ஓட்டறவங்கள மாத்துனா இந்தச் சுத்து செல்லாதுங்க."

"செல்லாட்டிப் போவுது. கார் வீட்டுக்குப் போவணுமில்ல?"

கியரைத் தாண்டி, இந்த ஊரில் பெண்களும் கட்டும் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்படியோ அந்த இருக்கையில் விழுந்தேன். அவர் ஏறி உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். நல்ல கண் கம்பைப் பார்க்கும்படி முகத்தை முழுக்கத் திருப்பினார். புல்வெளியில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு கைபிரேக்கை இறக்கினேன்.

"கொஞ்சம் பின்னால வா. போதும். வலது ஒடி. இன்னும். இன்னும் கொஞ்சம்."

நான் ஒடித்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லாமல் போக முடியாது.

"யா தே" என்றார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.