மடியில் வந்த மோதிரம்

நல்லம்பள்ளிச் சாலையில் சின்னப்பனுக்குக் கடை ஒன்றுதான், போர்டு இரண்டு. கீழே உள்ளதில் 'டெய்லர்' என்று எழுதியிருக்கும். மேலே உள்ளதில் அதைவிடப் பெரிய எழுத்தில் 'புரொபசர் சின்னப்பன் - மேஜிக்'. புரொபசர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழா சாயங்காலம், கோயில் மைதானத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அவன் மேடை ஏறினால், கடத்தூரிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்று பார்ப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு 1968-ஆம் வருஷத் திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது கையும் ஓடவில்லை, புத்தியும் ஓடவில்லை.

"புதுசா ஒண்ணு வுடுங்க மாமா," என்றான் திருவிழாக் கமிட்டி மதலைமுத்து. "இல்லாட்டி தருமபுரியிலிருந்து பாட்டுக் கச்சேரி புடிச்சுரலாம்னு பேசிக்கிறாங்க. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

சின்னப்பன் கைக்குட்டையை எடுத்தான், மறைத்தான். முட்டையை எடுத்தான், மறைத்தான். மறைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. மறைந்த பொருள் திரும்பக் கிடைத்தாக வேண்டுமே, அங்கேதான் இடித்தது. எங்கே கிடைக்க வைப்பது? கிடைக்கிற இடத்தில் யாராவது ஒரு ஆள் இருந்து தொலைக்கிறார். அந்த ஆளை நினைத்ததும் அவன் கண்ணுக்கு முன்னால் பாஞ்சாலி வந்து நின்றாள். முட்டை கையிலேயே இருந்தது.

பாஞ்சாலி கூலி வேலைக்காரி. களை எடுப்பாள், கடலை உரிப்பாள், நாலு வீட்டில் மாவு இடித்துக் கொடுப்பாள். போன வருஷத் திருவிழாவில், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டு ஜானகியம்மாளிடம் சின்னப்பன் மோதிரம் கேட்டு வாங்கினான். ஊதினான், மோதிரம் போய்விட்டது. பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பாஞ்சாலியைக் கூப்பிட்டு, மடியில் என்ன என்று கேட்டான். இடுப்பில் சேலையைச் சுருட்டிச் செருகியிருந்த மடியிலிருந்து அவள் ஒரு கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். அதை ஆட்டம் தொடங்குமுன் அவளுக்குக் கொடுத்தவனே அவன்தான். பொட்டலத்தை அவன் வாங்கிப் பிரித்தால், கடலைக்கு நடுவில் மோதிரம்!

"அகப்பட்டுச்சு பாருங்க திருட்டு!" என்று சின்னப்பன் கூவினான். மைதானமே சிரித்தது. பாஞ்சாலியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஜானகியம்மாள் வீட்டில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு காணாமல் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் மாவு இடித்தவள் பாஞ்சாலி. அது ஒன்று போதாதா? "மோதிரம் சும்மாவா அவ மடிக்குப் போச்சு? ஊருல இத்தன மடி இருக்குது, அவ மடிய ஏன் தேடிக்கிட்டுப் போச்சு? சாமி அன்னிக்கே காட்டிக் குடுத்துருச்சு, நாமதான் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்," என்றாள் ஜானகியம்மாள். பெரிய வீட்டு வாய் சொன்னால் ஊர் வாய் வேறா சொல்லும்? ஒவ்வொரு வீடாக அவளுக்குக் கதவைச் சாத்தியது.

சின்னப்பன் போகாமலில்லை. போனான். வாசலில் நின்று, "அம்மா, அது கைவேலைங்க. நான்தான் வெச்சேனுங்க," என்றான்.

"அப்படியா? எப்படி வெச்சேன்னு இப்ப செஞ்சு காட்டு."

மூன்று வருஷம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வித்தை அது. காட்டினால் பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பொடிசுகள் எல்லாம் செய்துவிடும். அவனிடம் இருந்த ஒரே பெரிய ஐட்டம். "அது தொழில் ரகசியங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். தொழிலாவது, ரகசியமாவது! அவனுக்குச் சோறு போட்டது தையல் மெஷின். போவதாக இருந்தது மேலே தொங்கிய போர்டு மட்டும்தான். அந்தப் போர்டுக்காக ஒருத்தியின் பிழைப்பை விட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு அடைப்புதான். சொன்னாலும் கெட்டான், சொல்லாமலும் கெட்டான். பொறிக்குள் போன எலி மாதிரி, தின்னப்போன தேங்காயோடு உள்ளேயே இருந்தான்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பாஞ்சாலி கடைக்கு வந்தாள், கிழிந்த ரவிக்கைக்கு ஒட்டுப்போட. வெற்றிலையை மடியில் செருகாமல் கையிலேயே பிடித்திருந்தாள். சின்னப்பன் தலை தூக்காமல் மெஷினை மிதித்தான். அவன் மனைவி லூர்தம்மாள்தான் ரவிக்கையை வாங்கி வைத்தாள். புறப்பட்ட பாஞ்சாலி வாசலில் நின்றாள். மடியை அவிழ்த்தாள். லூர்தம்மாள் பார்க்க இரண்டு தரம் உதறினாள். திரும்பவும் செருகிக்கொண்டாள்.

"என்னாத்துக்கு புள்ள ஒதர்ற? இங்க யாரு உன்னையக் கேட்டா?"

"எந்த வூட்டுக்குப் போனாலும் ஒதறிட்டுத்தானுங்க்கா வர்றேன். ஒதறலைன்னா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நடந்து போய்விட்டாள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இவள் மடியில் ஒரு கடலைத் தோல்கூட இல்லை. பயம் மட்டும் இருந்தது.

சின்னப்பன் மெஷினை நிறுத்திப் பார்த்தான். தைத்துக்கொண்டிருந்த சட்டையில் கை நுழைகிற துவாரத்தை மூடித் தைத்து வைத்திருந்தான்.

லூர்தம்மாள் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். "நல்லா இருக்குது. இனி ஊருல எல்லாரும் கையில்லாம சட்டை போடட்டும். அந்தப் புள்ள ஒதறும்போது நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க? புரொபசராம் புரொபசரு! ஊருல இத்தன மடி இருக்குது, இவ மடிக்கு மட்டும் ஏன் போச்சுன்னு அந்தம்மா கேட்டுச்சே, அதுக்குப் பதில் சொல்ல முடிஞ்சுதா உங்களால?"

சின்னப்பன் வாயில் இருந்த நூலைத் துப்பினான். "ஊருல எத்தன மடி இருக்கும்?" என்றான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு படி கடலை வறு."

பத்து மாதமாக வராத வித்தை அன்று வந்தது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பழைய வித்தைதான். ஆனால் வந்ததும் அவன் விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது.

திருவிழா அன்று நாலு மணிக்கு மைதானம் நிரம்பியது. ஆட்டம் தொடங்குமுன், "அந்தோணியார் பேரால ஆளுக்கு ஒரு பொட்டலம்" என்று லூர்தம்மாள் எல்லோருக்கும் கடலை கொடுத்தாள். பங்குச் சாமியார் அதை அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெண்கள் மடியில் செருகினார்கள். பாஞ்சாலி கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில், பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னப்பன் நேராக ஜானகியம்மாளிடம் போய் மோதிரம் கேட்டான். "போன வருசத்து ஆட்டம்தானா?" என்று யாரோ முனகினார்கள். ஊதினான், மோதிரம் போனது. "சாமி, உங்க பையில என்னங்க?" சாமியார் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால், உள்ளே மோதிரம். கூட்டம் குலுங்கியது. "சாமி, நீங்களா எடுத்தீங்க?" சாமியாரே தொந்தி குலுங்கச் சிரித்தார். மறுபடி ஊதினான். இந்த முறை மதலைமுத்துவின் பொட்டலத்தில். மறுபடி ஊதினான். போஸ்ட்மேன் சம்சாரத்தின் பொட்டலத்தில். ஒவ்வொரு தரமும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

கடைசியாக ஜானகியம்மாள் முன்னால் வந்து நின்றான். "அம்மா, உங்க மடியில ஒரு பொட்டலம் இருக்குதுங்களே?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தாள். மோதிரம் அதில் இருந்தது. பின்னாலிருந்து எவனோ ஒருவன் கூவினான்: "அகப்பட்டுச்சு பாருங்க திருட்டு!"

சின்னப்பனின் வார்த்தைதான், போன வருஷத்து வார்த்தை. மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜானகியம்மாள் முகம் கறுத்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தாளோ இல்லையோ, மடியை அவிழ்த்து எல்லோரும் பார்க்க உதறினாள்.

"நான் எடுக்கலை," என்றாள்.

சிரிப்பு அறுந்துபோனது. இந்த இடத்தில் பேசுவதற்குச் சின்னப்பன் ஐந்து நாளாக வசனம் தயார் செய்து வைத்திருந்தான். 'இப்ப இந்தம்மா திருடியா, சொல்லுங்க' என்று தொடங்கும். ஒரு சொல் வரவில்லை. உதறுகிற இன்னொரு பொம்பளையைத்தான் உண்டாக்கியிருக்கிறோம் என்று பட்டது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பவும் அதே பொறிக்குள் நின்றான்.

வேப்பமரத்தடியிலிருந்து பாஞ்சாலியின் குரல் வந்தது.

"அந்தம்மா எடுக்கலைங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் எடுக்கலைங்க."

ஜானகியம்மாள் அவிழ்ந்த மடியைக் கையில் பிடித்தபடி பாஞ்சாலியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னப்பன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். கூட்டம் விலகி வழிவிட, வேப்பமரம் வரை நடந்தான். பாஞ்சாலியின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினான். மோதிரத்தை இரண்டு விரலுக்கு இடையில் பின்பக்கமாகச் செருகி, ஊரெல்லாம் பார்க்கும்படி கையைத் திருப்பிக் காட்டினான். பிறகு பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தான். விரல் தளர்ந்ததும் மோதிரம் வழுக்கிக் கடலைக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் அப்போதே விரலை மடக்கிச் செய்து பார்க்க ஆரம்பித்தான்.

பாஞ்சாலி அவன் விரலையே பார்த்தாள்.

"இவ்ளோதானுங்களா?"

"இவ்ளோதான் புள்ள."

"இத அன்னிக்கே காட்டியிருக்கலாமில்லீங்க."

சின்னப்பன் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். அவள் மோதிரத்தைப் பொறுக்கி அவன் கையில் வைத்தாள். கடலையை மடித்துப் பொட்டலமாக்கினாள். அதை மடியில் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில், நிதானமாக நடந்து போனாள்.