வாசலில் வைத்த மூட்டை

தொப்பென்று வாசலில் ஏதோ விழுந்தது. சோளக் கிடங்கின் நிழலில் உட்கார்ந்து கோடரிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்த கனூனா நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய கம்பளி, தோல்வாரால் இறுக்கிக் கட்டிய மூட்டையாக மண்ணில் கிடந்தது. கதவுக்குப் பின்னால் அனிவாக்கியின் பாவாடை ஓரம் தெரிந்து மறைந்தது.

செரோக்கிப் பழங்குடி ஆண்பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீடு பெண்ணுடையது, வயலும் அவளுடையது. புருஷன் வேண்டாம் என்றால் அவள் பஞ்சாயத்துக் கூட்ட மாட்டாள். அவன் சாமான்களை வாசலில் வைப்பாள், அவ்வளவுதான். அவன் எடுத்துக்கொண்டு தன் தாய்வழி ஆட்களிடம் போய்ச் சேர வேண்டும். கனூனாவின் ஆட்கள் வடக்கே உயர்ந்த மலைகளில், ஐந்து நாள் நடைத் தூரத்தில் இருந்தார்கள்.

காரணம் செப்புப் பானைதான் என்று அவன் முடிவு கட்டினான். போன மாதம் பந்தாட்டத்தில் தன் ஊர் ஆட்கள் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டி, அவள் அம்மா வைத்துப் புழங்கிய செப்புப் பானையைத் தோற்றிருந்தான். அன்று அனிவாக்கி அவனைத் திட்டவே இல்லை. அந்தத் திட்டுதான் இப்போது மூட்டையாக வந்து விழுந்திருக்கிறது.

மூட்டையை எடுத்தால்தானே வெளியேற்றம்? எடுக்காவிட்டால்? கனூனா ஒரு மரக்கட்டையை உருட்டி வந்து மூட்டைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டான். விரல்கூட அதன்மேல் படவில்லை. கொஞ்சம் பெரிய மூட்டையாகத்தான் இருந்தது. பதினோரு வருஷக் குடித்தனத்தில் தனக்கு இவ்வளவு சாமான் சேர்ந்துவிட்டதா என்று அவனுக்கே ஆச்சரியம்.

கனூனா என்றால் பெரிய தவளை என்று அர்த்தம். அனிவாக்கியின் தங்கை தாக்கி அதைச் சும்மா விடுவாளா? நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் புருஷன் குளிர்காலத்துக் காய்ச்சலில் போன பிறகு அக்காவோடுதான் இருந்தாள்.

"என்ன மச்சான், தவளை கட்டையைப் புடிச்சுக்கிச்சா?"

"மழை வந்தா எறங்கும்."

"மழை வராது. அக்காதான் வெளக்குமாத்தோட வரும்."

அனிவாக்கி வந்தாள், வெறுங்கையோடு. காலையில் ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, பொழுது சாய்வதற்குள் மூன்று முறை. இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் ஆற்றுப் பாதையையே பார்த்தாள். கோபம் தணிய நாளாகும் என்று கனூனா எண்ணிக்கொண்டான். மறுநாள் அவனுக்குப் பிடித்த அவரைவிதை ரொட்டி வாசலுக்கே வந்தது. தணிகிறது என்று சந்தோஷப்பட்டான்.

ஊரில் வேறு பேச்சும் இருந்தது. நிலத்தை விட்டு மேற்கே போய்விட வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் வைத்த கெடு அந்த மே மாதத்தோடு முடிந்திருந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் சிப்பாய்கள் மாட்டுப்பட்டி மாதிரி மரவேலி அடித்து, ஆட்களைக் கொண்டுபோய் அடைக்கிறார்கள் என்று ஓடத்துறையில் சொன்னார்கள். கனூனா நம்பவில்லை. முறையிட வாஷிங்டன் போன தங்கள் தலைவர்கள் நல்ல சேதியோடு திரும்புவார்கள் என்பது அவன் கட்சி. இந்த ஒரு விஷயத்துக்காக அனிவாக்கி அவனோடு வாதாடி வாதாடி ஓய்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை குதிரைகள் வந்தன.

இருபது சிப்பாய்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டார்கள். கிடங்கின் மறைவில் கை கழுவிக்கொண்டிருந்த கனூனாவை ஒருவரும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பத்தடியில் காடு. துப்பாக்கி முனையில் அக்காவும் தங்கையும் வெளியே வந்தார்கள். அனிவாக்கி அவனைப் பார்த்துவிட்டாள். சிப்பாய்களுக்குப் புரியாத தன் மொழியில், தங்கையிடம் பேசுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காட்டுக்குள்ள போ. போயிடு."

இந்த நேரத்திலுமா பானை ஞாபகம் என்று கனூனா நினைத்தான். ஆனாலும் அவன் கிடங்கின் மறைவிலிருந்து வெளியே வந்தான். பாதி செதுக்கிய கோடரிக் காம்பை மூட்டையின் வாரில் நுழைத்துத் தூக்கித் தோளில் போட்டான். கை படாமல்தான். நேரே போய் மனைவிக்குப் பின்னால் வரிசையில் நின்றான். அனிவாக்கி கண்களை மூடிக்கொண்டாள்.

வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்க விடவில்லை. அவள் கதவையாவது சாத்திவிட்டு வந்தாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது யாரோ அதைத் திறந்திருந்தார்கள்.

பட்டிக்குள் முந்நூறு பேர் இருந்தார்கள், கூரை இல்லை. பகலெல்லாம் நடந்த தாக்கிக்கு அங்கே போய்ச் சேர்ந்ததும் வலி எடுத்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பெண்கள் சுற்றி நின்று பாவாடையால் மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் வேலியோரமாக ஒதுங்கினார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அனிவாக்கி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"பொம்பளப் புள்ள. சுத்தறதுக்குக் காஞ்ச துணி இல்ல. மூட்டையை அவுரு."

கனூனா தயங்கினான். "அவுத்தா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், புள்ள. அப்புறம் நான் உன் வீட்டு ஆளில்ல."

"குழந்தை நடுங்குதுய்யா."

அவன் தலை குனிந்து உட்கார்ந்து வாரை அவிழ்த்தான். மேலே அவன் கம்பளி நனைந்திருந்தது. அதற்குள் காய்ந்த இன்னொரு கம்பளி இருந்தது. அவளுடையது, கல்யாணத்தன்று அவனுடையதோடு சேர்த்துப் போர்த்திய அதே கம்பளி. அனிவாக்கி அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். கனூனா மிச்சத்தைப் பார்த்தான். புதிதாகத் தைத்த மான்தோல் செருப்பு இரண்டு ஜோடி. ஒரு கத்தி. வறுத்து இடித்த சோள மாவு ஒரு பை. கையில் தூக்கிப் பார்த்தான். ஒரு ஆளுக்குச் சரியாக ஐந்து நாளைக்கு வரும்.

குழந்தையைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அவன் மாவுப் பையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"துரத்துற ஆளுக்கு யாராவது தன் கம்பளியைக் குடுப்பாங்களா, அனிவாக்கி?"

அவள் அவன் பக்கத்தில், சேற்றிலேயே உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"தாக்கியை விட்டுட்டு என்னால வர முடியாது, நான் சொன்னா நீ போகவும் மாட்ட... அதான்யா, நீயாவது மலை ஏறித் தப்பிச்சுக்கணும்னு வெளிய வச்சேன்."