கவிழ்த்த தட்டு

அன்று மதியம் அஜ்மானில் என் மகன் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: கல்யாணசுந்தரமாகிய நான், என் மகன் செங்கதிர், மருமகள் ஷியாமளா, ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து வந்திருந்த வைரவன். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

வைரவனின் அப்பா உடையப்பனும் நானும் விவசாயச் சங்கத்தில் ஒன்றாக நின்றவர்கள். திருச்சி சிறையில் ஒரே பாயில் படுத்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் முதுகு வளைத்ததில்லை. மகனுக்குச் செங்கதிர் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். கம்பெனியில் மேனேஜராக இருக்கும் அவனைக் கதிர் சார் என்கிறார்கள். அதே கம்பெனியின் குடோனில்தான் வைரவனுக்கு வேலை. நான் விசிட் விசாவில் இங்கே வரும்போதெல்லாம் லீவு நாளில் வந்து சாப்பிட்டுப் போவான். கதிருக்கு அது பிடிக்காது. என் முன்னால் காட்டிக்கொள்ள மாட்டான்.

பொலிவியாவில் ராணுவ வண்டி அரண்மனைக் கதவை இடித்த வாரம் அது. அங்கே இடதுசாரி அரசு. ஜனாதிபதி ஓடி ஒளியவில்லை. வாசலிலேயே தளபதியை மறித்து, படையைத் திருப்பிக்கொண்டு போ என்றார். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். சாம்பார் சாதம் ஆறும்வரை அதையே பேசினேன்.

"அது அவரே போட்ட டிராமான்னும் சொல்றாங்கப்பா," என்றான் கதிர்.

"கவுக்க வந்தவன் அப்படித்தான் சொல்லுவான். ஓட்டு வாங்கி வந்தவனை இறக்குறவன் மனுசனே இல்ல. அப்படி ஒருத்தன் நம்ம வாசலுக்கு வந்தா ஒரு சொம்புத் தண்ணி குடுக்க மாட்டேன்."

"எங்க கேம்ப்லயும் கவுத்துட்டாங்க தோழர்," என்றான் வைரவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவர்கள் மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. சமையல் பொறுப்பு யாருக்கு என்று முடிவெடுக்கும்போது, ஒருவர் வேண்டுமென்றால் தட்டை நிமிர்த்தி வைப்பார்கள், வேண்டாமென்றால் கவிழ்த்து வைப்பார்கள். கை தூக்கினால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். தட்டுக்கு முகம் கிடையாது. அப்படித்தான் கான்டிராக்டரின் ஆளை இறக்கி, ஒரு கமிட்டி வைத்து வைரவனை ஏற்றினார்கள். அதன் பிறகு சோற்றில் புழு இல்லை. போன வாரம் கம்பெனி அந்தக் கமிட்டியைக் கலைத்து, பழைய ஆளையே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. வைரவனை ஓமானுக்கு, சோஹார் சைட்டுக்கு மாற்றி உத்தரவும் போட்டுவிட்டார்கள்.

"எந்த நாய்டா செஞ்சது?" என்றேன். "பேரைச் சொல்லு. கதிர் பாத்துக்குவான்."

வைரவன் சோற்றைப் பிசைந்தான். ஷியாமளாவின் கரண்டி சட்டியிலேயே நின்றது.

"நான்தான்பா," என்றான் கதிர். "இன்னைக்குச் சோத்துக்கு ஓட்டு, நாளைக்கு எதுக்குன்னு மேல கேக்குறாங்க. இந்த ஊர்ல சங்கம் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என் வேலை போயிட்டா ஊர்ல நீங்க எப்படித் தலைநிமிந்து நடப்பீங்க?"

"எனக்குத் தெரியும் தோழர்," என்றான் வைரவன். "சாரைக் குத்தம் சொல்ல வரல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருன்னு பசங்க அனுப்புனாங்க. அவ்வளவுதான்."

நாய் என்று நான் சொன்ன சொல் மேஜைமேல் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் என் வீட்டு மாடியில் கொடி பறக்கிறது. அதற்குக் கம்பம் நட்டதும் கதிர் அனுப்பிய பணத்தில்தான் என்பது அந்த நேரத்தில் எதற்கு நினைவுக்கு வந்ததோ தெரியவில்லை. மூவரும் என் வாயைப் பார்த்தார்கள். அதில் ஒரு பருக்கை இருந்தது, மென்று விழுங்கினேன்.

வைரவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு சாப்பிட்டு முடித்திருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், சத்தம் வரவில்லை. "வர்றேங்க்கா," என்று ஷியாமளாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனான்.

பெரியவரும் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார் என்று கேம்பில் பேசிக்கொள்கிறார்களாம். சோஹார் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கிறது.

அது உண்மையில்லை. என் தட்டு நிமிர்ந்துதான் இருந்தது. ஷியாமளா ரசம் ஊற்றினாள்.