டிரைவரின் மூடி

சண்முகராஜ் முதலாளி கேட்டது ஒரு டாங்கி. பங்குனித் திருவிழாப் பொருட்காட்சியில் எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி ஸ்டாலில் அதை நிறுத்த வேண்டும். தூரத்தில் வருகிறவன் பார்த்து டாங்கி என்று சொன்னால் போதும். பாகிஸ்தான் சண்டை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும் கோவில்பட்டியில் வீரம் இன்னும் ஆறவில்லை. டீக்கடை சோலைமுத்து, டீயை ஆற்றிக்கொண்டே லாகூருக்கு வழி சொல்வார். அவர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. நான் கம்பெனிக் கணக்கப்பிள்ளை. வீரத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலாளி சொன்னதைத் தங்கச்சாமியிடம் சொன்னதோடு என் பாடு முடிந்தது என்று நினைத்தேன்.

தங்கச்சாமி அந்தச் சண்டையில் நிஜ டாங்கிக்குள் இருந்து பீரங்கி சுட்டவர். இடது கையும் கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துபோய், பென்ஷனோடு ஊர் திரும்பியவர். முதலாளி அவருக்குக் குடோனில் ஒரு மூலையை ஒதுக்கி, பெட்டி செய்கிற மெல்லிய மரத்தகடும் மருந்து முக்காத குச்சியும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மற்றதை அவரே தேடிக்கொண்டார். பால் பவுடர் டின், சைக்கிள் கம்பி, குடைக்கம்பி, ஹுமாயூன் கடிகாரக் கடையில் கழித்துப் போட்ட பல்சக்கரங்கள்.

வெளிப்பக்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மனிதர் உள்ளே இறங்கினார். மேல்தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குண்டு அடுக்கும் தட்டு செய்தார். தட்டில் குச்சியைச் சீவிச் சீவிக் குண்டுகளைச் செய்து அடுக்கினார். இருக்கைகளுக்குத் துணி தைத்துப் பஞ்சு வைத்தார். தண்ணீர்க் குடுவை, தீயணைக்கிற உருளை, கால் மிதி, கைப்பிடி எல்லாம் வந்தன. கடைசியில் உள்பக்கம் பூராவும் வெள்ளை அடித்தார்.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார்.

"என்னவே முப்பிடாதி, கல்யாண வீட்டுக்கு அடிச்ச மாதிரி வெள்ளை அடிச்சிருக்காரு?" என்று என்னிடம் கேட்டார்.

"நிஜத்துலயும் உள்ள வெள்ளைதான் மொதலாளி. வெளிச்சம் பத்தாதுல்லா," என்றார் தங்கச்சாமி.

"மூடிட்டா உள்ள எவன் பாக்கப் போறான்?"

தங்கச்சாமி குனிந்து இன்னொரு கை வெள்ளை அடித்தார். முதலாளி கேட்டு ஒரு ஆள் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் புதிது. ஆனால் அவர் முதலாளியின் ஆள் இல்லை, பட்டாளத்து ஆள். ஆகையால் முதலாளியே கனைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இன்னொன்றுதான் கண்ணை உறுத்தியது. பீரங்கிக் குழல் நேராக நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியே நிற்கும். ஒரு நாள் காலையில் அதை நேராக்கி வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் பழையபடி வலப்பக்கம் நின்றது. அவருக்குக் கோணல் பார்வை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ரசியாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கச்சாமி இருந்த டாங்கியில் நாலு பேர். தீப்பிடித்தபோது மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். இறங்காதவர் டிரைவர் குலாம் ரசூல், இதே ஊர்க்காரர், ரசியாவின் புருஷன். சர்க்கார் தந்தி வீர மரணம் என்றது. ஊர் அப்படிச் சொல்லவில்லை. பயத்தில் கை கால் விறைத்து உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு பேச்சு. இன்னொரு பேச்சும் உண்டு. டிரைவர் யார், எதிரே நின்றவன் யார் என்று கூட்டிக் கழித்து, வண்டியை அவரேதான் நிறுத்திவிட்டார் என்பார்கள். ரசியா டீக்கடையைக் கடந்து போகும்போது இந்தப் பேச்சு மட்டும் சட்டென்று நிற்கும். பேச்சு எதற்காக நிற்கிறது என்று புரியாத அளவுக்கு அவள் சிறு பிள்ளை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போவாள். பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அந்தக் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்த பிறகு தங்கச்சாமி ஒரு தடவைகூட அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் எங்கள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். ஒட்டிய பெட்டியைக் கூடையில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் கூடையை இறக்கியவள் போகவில்லை. குடோன் மூலையைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, நான் குலாம் ரசூல் வீட்டுலருந்து வாரேன்."

தங்கச்சாமி எழுந்து நின்றார். "தெரியும்மா."

"உள்ளயும் செஞ்சிருக்கீங்கன்னு பேசிக்கிட்டாங்க. அவிய இருந்த இடம் எது?"

அவர் மேல்தகட்டைத் தூக்கினார். முன்பக்கம் வலது மூலையில் ஒற்றை இருக்கை. அதற்கு இரண்டு பக்கமும் பிடித்து ஓட்டுகிற கம்பிகள். இருக்கைக்கு அடியில் கடுகு அளவுக்கு ஒரு டப்பா.

"இது என்னது?"

"நீங்க பார்சல்ல அனுப்புன கடலைமிட்டாய் டப்பா. எங்க கண்ணுல காட்ட மாட்டாரு. வண்டி ஓட்டிக்கிட்டே அவரு கடிக்கிற சத்தம் மட்டும் எங்களுக்குக் கேக்கும்."

ரசியா சிரித்துவிட்டாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

தங்கச்சாமி மேல்தகட்டைத் திரும்ப மாட்டினார். அவள் கொண்டை ஊசியை எடுத்து அதன் முனையால் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பீரங்கியோடு சேர்ந்து சுழல்கிற கூண்டின் மேல் இருந்த இரண்டு மூடிகளும் திறந்தன. டிரைவர் தலைக்கு மேல் இருந்த மூடி மட்டும் நகக்கண் அளவுக்கு எழும்பி, குழலில் முட்டி நின்றது.

"இது மட்டும் ஏன் திறக்க மாட்டேங்கு?"

"திறக்கும்மா. குழல் மேல நிக்கி. திருப்பினா திறக்கும்."

"எப்படித் திருப்பணும்?"

"நிஜத்துல கரண்டு இருந்தா தானாத் திரும்பும். இல்லைன்னா இந்தச் சக்கரம்."

கூண்டின் மேல் வாசல் வழியாக அதைக் காட்டினார். சுடுகிறவன் இருக்கைக்குப் பக்கத்தில், கடிகாரப் பல்லில் செய்த கைச்சக்கரம். அவள் ஊசி முனையால் அதைச் சுற்றினாள். கூண்டு மெதுவாக நகர்ந்தது. குழல் மூடியை விட்டு விலகியதும் மூடி சுலபமாக மேலே வந்தது. அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் குழல் இப்படித்தான் மேல நின்னுச்சா?"

"ஆமா."

"கரண்டு?"

"அடி விழுந்ததும் போயிட்டு."

"பின்னால ஏறி உங்க பக்கமா வர வழி கிடையாதா?"

"இடையில குண்டு அடுக்கின தட்டும்மா. கையைத்தான் விடலாம்."

"அந்தச் சக்கரத்துக்கிட்ட யாரு இருந்தா?"

தங்கச்சாமி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "நான்," என்றார்.

எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனாலும் போகவில்லை.

"அவிய கூப்பிட்டாங்களா?"

"குழலைத் திருப்பு தங்கச்சாமின்னு கத்தினாரு. காதுல விழுந்துச்சு."

"சுத்துறதுக்கு நேரம் இருந்துச்சா அண்ணாச்சி?"

"தெரியலம்மா. நான் இருந்து பாக்கல."

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அழவில்லை. கொண்டை ஊசியைத் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"அப்ப அவிய பயந்துபோய் உக்காந்திருக்கல."

"யாரு சொன்னா? முன்னால ரெண்டு வண்டி எரியுது. பாத்துக்கிட்டேதான் ஓட்டுனாரு. அடி விழுந்து சங்கிலி அறுந்துதான் நின்னுச்சு. அவரு நிறுத்தல."

"இதை என்கிட்ட மட்டும் சொல்லி என்ன செய்ய? ஊருக்குச் சொல்லுங்க."

"தெருத்தெருவாப் போயா சொல்ல முடியும்?" என்று நான் குறுக்கே கேட்டேன். கேட்டதும் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ரசியா என் பக்கம் திரும்பவே இல்லை. கூண்டைக் கையால் பிடித்து, குழல் வண்டியின் பின்பக்கம் பார்க்கிற வரைக்கும் திருப்பினாள். குடோன் வாசலில் பெட்டி ஒட்டுகிற மைதாப் பசை இருந்தது. ஒரு விரலில் வழித்துக்கொண்டு வந்து, கூண்டைத் தூக்கி, அடியில் சுற்றிலும் தடவி வைத்து அழுத்தினாள். பெட்டி ஒட்டுகிற விரல், ஒரு சொட்டு வெளியே பிதுங்கவில்லை. பிறகு டிரைவர் மூடியைத் திறந்து, அதன் கீலிலும் தொட்டு வைத்தாள்.

"இப்படி நின்னா பாக்குறவங்க எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. கேக்குறவங்களுக்குச் சொல்லுங்க," என்றாள். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மைதாப் பசை உடனே காயாது. சாயங்காலம் வரைக்கும் சுரண்டி எடுத்துவிடலாம். சுரண்டிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சுரண்டியிருப்பேன். தங்கச்சாமி பக்கத்திலேயே உட்கார்ந்து, அது காய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருட்காட்சி திறந்த அன்றைக்கு முதலாளி ஸ்டாலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவே, நம்ம டாங்கி புறமுதுகு காட்டிக்கிட்டு நிக்கி?"

குழலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் அழுத்தினால் ஒடிந்துவிடும் என்றேன். எவன் ஒட்டினான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று கூசாமல் சொன்னேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டதால் முதலாளி சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் வந்தது டீக்கடை சோலைமுத்துதான். அவர் பின்னால் கடைக்கு வழக்கமாக வருகிற ஏழெட்டுப் பேர். சோலைமுத்து டாங்கியைச் சுற்றி வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"என்ன தங்கச்சாமி, குழலு வந்த வழியைப் பாத்துட்டு நிக்கி?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சாமி ஸ்டூலை விட்டு எழுந்தார். பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"டிரைவர் இறங்கணும்லா," என்றார்.

சிரிப்பு நின்றது. அவர் வெந்த கையை நீட்டி, கூண்டுக்குள் அந்தக் கைச்சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன இருந்தது நான்."