அன்ஃபா மேட்டு இருமல்

அன்ஃபா மேட்டில் பிரெஞ்சுக்காரி மதாம் ஃபூர்னெலின் வீட்டில் யாராவது ‘விடுதலை’ என்று சொன்னால், சாப்பாட்டு அறையில் ஆளில்லாத நாற்காலி ஒன்று இருமும். நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் தொடங்கியது இது. உலகப் போருக்கு நடுவே அமெரிக்கத் தலைவரும் இங்கிலாந்துத் தலைவரும் மொராக்கோவில் எங்கள் காஸாபிளாங்காவுக்கு வந்து, மேட்டு வீடுகளை எடுத்துக்கொண்டு பத்து நாள் பேசினார்கள். ஜெர்மனியை அடிப்பதில் இருவருக்கும் ஒரே மனசு. அடித்த பிறகு அடிமை நாடுகளை என்ன செய்வது என்பதில்தான் கீரியும் பாம்பும். அந்தச் சண்டை அவர்களுடைய ஆட்கள் சாப்பிட்ட மதாமின் மேசைக்கும் வந்தது. மொராக்கோ சுல்தானின் அரண்மனை அமைச்சர் ஒருவர் உடன் இருந்ததால் அன்று மது கிடையாது. அமெரிக்கத் தூதர் அவரிடம், “போர் முடியட்டும், மொராக்கோவுக்கு விடுதலைதான். எங்க தலைவர் மனசுல இருக்கு” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை அரபியில் சொன்னார். மொராக்கோ இருந்தது பிரெஞ்சுக்காரர்கள் கையில்; இருமல் வந்ததோ எதிரே இருந்த இங்கிலாந்துப் பிரபுவுக்கு. இன்று இது போனால் நாளை தங்கள் சொத்தும் போகும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சொல் அமுங்கும்வரை இருமிவிட்டு, இரண்டாவது டம்ளர் தேநீரோடு நிறுத்திக்கொண்டு எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் மூன்று டம்ளர் குடிக்காதவன் விடைபெற்றவன் ஆகமாட்டான்.

தேநீர் ஊற்றிய யம்னாவும் அவள் புருஷன், கார் ஓட்டும் பூஷயிபும் கதவோரம் நின்று கேட்டார்கள். விருந்தாளிகள் போன மறுவாரம் பூஷயிப் அடுப்படியில், “நம்ம காதால கேட்டோமே யம்னா, விடுதலை வருது!” என்றான். காலி அறையில் அந்தப் பிரபு உட்கார்ந்திருந்த நாற்காலி இருமியது. யம்னா பயப்படவில்லை. மூன்றாவது டம்ளரை ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலி, இருமல் அப்படியே. “குடிச்சிட்டும் உக்காந்திருக்கு பாரு! பிரெஞ்சுக்காரனும் விருந்தாளின்னுதானே வந்தான்” என்றாள்.

அடுத்த ஜனவரியில் விடுதலை கேட்டு ஒரு மனு ஊரெல்லாம் சுற்றியது. பூஷயிப் அதைக் கார் கொட்டகையில் தோட்டக்காரனுக்குப் படித்துக் காட்டினான். நாற்காலி இருமிய இருமலில் மாடியில் மதாம் விழித்துப் போலீசுக்கு டெலிபோன் செய்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டவர்களிடம், அந்த மடையன் மறுபடி சொன்னான். அவர்கள் எதிரிலேயே இருமல் கேட்டது. சாட்சி என்ற இடத்தில் ‘நாற்காலி’ என்று எழுதி அவனைத் தெற்கே பாலைவனச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

யம்னா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் அங்கேதான் திரும்பி வருவார்கள், வந்தால் புருஷனைக் கேட்கலாம் என்று நம்பினாள். போர் முடிவதற்குள் அமெரிக்கத் தலைவர் செத்துப்போனார்; பின்னால் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு கை குலுக்கினார்கள். வேலைக்காரர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் புதினா என்று பேசிக்கொண்டார்கள். “புதினா எப்போ வரும்?” “வரும், வரும், வேர் பிடிச்சிருக்கு.” கீரைக்காரன் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினான். மூன்று வருஷத்தில் நாற்காலி அதையும் கற்றுக்கொண்டு புதினாவுக்கும் இருமியது. அதன்பிறகு யம்னா தேநீருக்கு வேண்டிய தழையை விரலால் காட்டித்தான் வாங்கினாள்.

பூஷயிப் பிடிபட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து விடுதலை வந்தது. மதாம் சாவியை வைத்துவிட்டுக் கப்பல் ஏறினாள். அதே மாதம் பூஷயிப் திரும்பி வந்தான், பாதி உடம்பாக. யம்னா அவனைச் சாப்பாட்டு அறைக்கு இழுத்துப்போய், நாற்காலியின் முகத்துக்கு நேரே “விடுதலை!” என்று கத்தினாள். நாற்காலி சும்மா இருந்தது. பூஷயிப் இருமினான். மறுபடி சொன்னாள், மறுபடி இருமினான். சிறையில் தினமும் காலையில் அந்தச் சொல்லைச் சொல்லி தினமும் அடி வாங்கியிருந்தான். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். யம்னா ஆத்திரத்தில் அழுதாள். “போனவங்க உன் நெஞ்சுல ஏறி உக்காந்துட்டாங்களே மனுஷா!”

“விடு. நாற்காலியா இருந்தா தெருவுல எறிஞ்சிருப்பே. என்னை எறிய மாட்டேல்ல?” என்றான் அவன்.

இப்போதும் வருஷா வருஷம் விடுதலை நாள் கூட்டத்தில் பேசுகிறவர், மந்திரியே ஆனாலும், அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி இரண்டாவது வரிசையைப் பார்ப்பார். பூஷயிப் இருமி முடிக்க வேண்டும், யம்னா அவன் முதுகைத் தடவிவிட வேண்டும். அதுவரை கூட்டம் காத்திருக்கும்.