எச்சரிக்கை போய்ச் சேர்ந்த எண்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. சிடுமூஞ்சி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் பொய்யில்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் யார் மூஞ்சியும் அப்படித்தான் ஆகும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எச்சரிக்கைத் திட்டம் வந்தது. வயதானவர்களின் வீடுகளை அவர்களுக்கே தெரியாமல் விற்றுவிடுகிறார்கள் என்று அப்போது ஏகப்பட்ட புகார். வீட்டுக்காரர் ஒரு ஃபோன் நம்பரைப் பதிந்துவைத்தால் போதும். அந்த வீட்டின் பேரில் எந்தக் காகிதம் உள்ளே வந்தாலும் அந்த நம்பருக்குச் செய்தி போகும். சம்மதம் என்றால் 1, ஆட்சேபம் என்றால் 2. பதிலுக்காக ஏழு நாள் காத்திருப்போம்.

முதல் வாரமே வந்தவர் கண்ணாடிக்காரர். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் எழுத்துத் தெரியவைத்த மனுஷனுக்கு, கடைசியில் கண் நரம்பு கெட்டுப் பார்வை பாதிக்குமேல் போய்விட்டது. மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது, பிள்ளை இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சொல்லிப் படிவத்தை நிரப்பியிருந்தார். தன்னுடைய பட்டன் ஃபோன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

“மெசேஜ் வந்தா படிப்பீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“சத்தம் கேக்கும்மா, எழுத்துதான் தெரியாது. யாராச்சும் வந்தா காட்டிக் கேட்டுக்குவேன்.”

“அதுக்குள்ள ஏழு நாள் ஓடிடும். படிக்கிற மாதிரி வீட்டு ஆளு நம்பர் ஒண்ணு குடுங்க.”

“தம்பி மகன் இருக்கான். அவங்கப்பன் போனப்ப அஞ்சு வயசு. என் கையிலதான் வளந்தான்” என்றவர், பெருமையோடு பத்து எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார்.

அவருடைய நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தம்பி மகன் நம்பரை எழுதிப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மகன் நம்பர், மருமகள் நம்பர் என்று எத்தனையோ பேருக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். உதவி செய்கிறோம் என்று மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன வாரம் கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார்.

“ஒருத்தர் டேப்போட வந்து என் முன்ரூமை அளக்குறாரும்மா. டைல்ஸ் போடணுமாம், புது ஓனர் அனுப்பினாராம். நாற்காலியைக் கொஞ்சம் நகத்திக்குங்கன்னு மரியாதையாதான் சொன்னாரு. வீடு மாறி வந்துட்டாரு போல. எதுக்கும் உங்ககிட்ட கேட்டுடலாம்னு வந்தேன்.”

கணினியில் தேடினேன். வீட்டு எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

“வீடு வித்தாச்சு ஐயா. மூணு மாசம் ஆச்சு.”

“நான் விக்கலையே. எச்சரிக்கை வரும்னு சொன்னீங்களே?”

“போயிருக்கு ஐயா.”

“அப்ப அவன் பாத்திருக்க மாட்டான். வேலை வேலைன்னு ஓடுறவன். ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்கம்மா. பதறிப்போயிடுவான்.”

செய்தி போனது காலை பதினொன்று பத்துக்கு. பதினொன்று பன்னிரண்டுக்குப் பதில் வந்திருந்தது. பதில் 1.

“பாத்திருக்காரு ஐயா. சம்மதம்னு பதிலும் போட்டிருக்காரு. வித்ததே அவர்தான். உங்களுக்குப் பதிலா அவர் விக்கலாம்னு நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரம் இங்க இருக்கு.”

ஜன்னல் பலகையை அவர் கை தடவிக்கொண்டே இருந்தது.

“கரண்ட் மீட்டர்ல பேரு மாத்தணும்னு சொன்னான்” என்றார்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த வேலியை நட்டது என் கை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை.

“கேஸ் போடலாம் ஐயா. நானே வந்து சாட்சி சொல்றேன்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஆறேழு வருஷம் ஆகலாம்.”

“எனக்கு எண்பத்திரண்டும்மா.”

பிறகு சட்டைப் பையைத் துழாவி அந்தப் பட்டன் ஃபோனை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

“அவன் நம்பரை எடுத்துடுங்க. அன்னிக்கு அடிச்சீங்களே, என் நம்பர், அதையே போட்டுடுங்க. சத்தம் கேட்டா யாரையாச்சும் பிடிச்சுப் படிச்சுக்குறேன்.”

புதுப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். முதல் கட்டத்தில் வீட்டு உரிமையாளர் பெயர் எழுத வேண்டும். கணினி வேறு யாரோ ஒருவருடைய பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது.

“இது வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் ஐயா.”

வரிசையில் நின்ற யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவருக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்டது.